புரொப்பெல்லர் ஷாஃப்ட் வேகத்தில் ஏன் உடைகிறது? செந்தூல் பட்டறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஷாஃப்ட் நேராக்கி, பேலன்சிங் பார்த்துக் கொடுக்கும் சிறிய பட்டறை எங்களுடையது. கோலாலம்பூரில், செந்தூலில் இருக்கிறது. வருபவர்களில் பாதிப் பேர் கேமரன் மலையிலிருந்து செலாயாங் மொத்தச் சந்தைக்குக் காய்கறி ஏற்றி வருபவர்கள். மற்றவர்கள் வேன் ஓட்டுநர்களும், பிக்கப்பை அழகு பார்க்கும் இளைஞர்களும். ஆட்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. தேநீர் ஆறிப்போகும்வரை ஒரே விளக்கத்தைச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதிவைத்துவிட்டேன். கேட்டவர்கள் கேட்ட தொனியை முடிந்தவரை மாற்றவில்லை.

1. அண்ணே, ஒரு நேரம் புரொப்பெல்லர் ஷாஃப்ட் என்கிறீர்கள், ஒரு நேரம் டிரைவ் ஷாஃப்ட் என்கிறீர்கள். இரண்டும் ஒன்றுதானா?

வேலை ஒன்றுதான், இடம் வேறு. மைவி, சாகா போன்ற முன்சக்கர இழுவைக் கார்களில் கியர்பாக்ஸிலிருந்து இரண்டு முன்சக்கரங்களுக்கும் குட்டையான இரண்டு தண்டுகள் போகும். நம் ஊரில் டிரைவ் ஷாஃப்ட் என்றால் பெரும்பாலும் அவைதான். வேன், பிக்கப், லோரி ஆகியவற்றில் கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுவரை வண்டியின் அடியில் நீளமாக ஒரு குழாய் ஓடும். அது புரொப்பெல்லர் ஷாஃப்ட்.

இங்கே பெரும்பாலும் இந்த நீளக் குழாயைப் பற்றித்தான் பேசுகிறேன். மைவிக்காரர்கள் 13ஆம் கேள்விக்குப் போகலாம்.

2. வண்டி 110இல் போகும்போது அது எவ்வளவு வேகமாகச் சுற்றும்?

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். டயர் ஒரு சுற்றில் ஏறக்குறைய 2 மீட்டர் உருளும் என்று கொள்வோம். மணிக்கு 110 கி.மீ. என்பது நொடிக்கு 30.5 மீட்டர். அப்படியானால் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 910 சுற்று சுற்றுகிறது. டிஃபரென்ஷியல் (பின் அச்சின் நடுவில் இருக்கும் பல்சக்கரப் பெட்டி) விகிதம் 4.1 என்றால், சக்கரம் ஒருமுறை சுற்றுவதற்குள் ஷாஃப்ட் 4.1 முறை சுற்றியாக வேண்டும். ஆக, நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,740 சுற்று. நொடிக்கு 62.

இந்த 3,740 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பல இடங்களில் தேவைப்படும்.

3. இன்ஜின் மீட்டரில் அவ்வளவு காட்டவில்லையே? ஐந்தாவது கியரில் நிதானமாகத்தானே ஓடுகிறது?

இன்ஜின் நிதானமாக ஓடலாம், ஷாஃப்ட் ஓடாது. ஷாஃப்ட் கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது, அதன் வேகம் சக்கரத்தோடு கட்டப்பட்டது. ஐந்தாவது கியரின் விகிதம் 0.85 என்றால், இன்ஜின் 3,180 சுற்றும்போதே ஷாஃப்ட் 3,740 சுற்றும். இன்ஜினைவிட ஷாஃப்ட் வேகமாகச் சுற்றுகிறது என்று சொன்னால் இருபது ஆண்டுகள் ஓட்டியவர்களே நம்ப மறுக்கிறார்கள்.

கெந்திங் மலையிலிருந்து நியூட்ரலில் இறங்கினாலும் இதே கதைதான். இன்ஜின் சும்மா உறுமிக்கொண்டிருக்கும், ஷாஃப்ட் சாலை வேகத்துக்கு ஏற்பச் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். நியூட்ரலில் இறங்குவதே தவறு என்பதை எத்தனை முறை சொல்வது!

4. சுற்றினால் சுற்றட்டுமே, அதற்காகத்தானே செய்தார்கள். ஏன் உடைய வேண்டும்?

முற்றிலும் நேரான குழாய் என்று உலகத்தில் எதுவும் இல்லை. தன் எடையாலேயே நடுவில் முடியளவு தொய்ந்திருக்கும். குழாயின் சுவர் ஒரு பக்கம் சற்றுத் தடித்திருக்கும். அதனால் எடையின் மையம் சுழலும் மையத்தைவிட்டு அணுவளவு தள்ளியிருக்கும். சுற்றும்போது அந்த அணுவளவு விலகல் குழாயை வெளிப்பக்கம் இழுக்கிறது. குழாயின் விறைப்பு அதை உள்ளே இழுத்துப் பிடிக்கிறது. மெதுவாகச் சுற்றும்வரை விறைப்பு ஜெயிக்கும்.

எந்தக் குழாயையும் தட்டினால் அதற்கென்று ஒரு வேகத்தில் அதிரும். கோயில் மணிக்கு ஒரு நாதம் இருப்பதைப் போல. ஷாஃப்ட் சுற்றும் வேகம் அந்த இயல்பான அதிர்வு வேகத்தோடு ஒத்துப்போகும் இடத்தில் விறைப்பு தோற்றுவிடும். ஒவ்வொரு சுற்றும் விலகலைக் கூட்டும். கூடிய விலகல் இன்னும் வலுவாக இழுக்கும். பிள்ளைகள் தாண்டும் ஸ்கிப்பிங் கயிற்றைப் பாருங்கள்: இரண்டு முனையும் கையில் இருக்கும், நடுப்பகுதி வில்லாக வளைந்து சுற்றும். இரும்புக் குழாய் அதைப்போல ஆடத் தொடங்கிவிடும். இதற்கு மாறுநிலை வேகம் என்று பெயர்.

அதன்பிறகு நடப்பதெல்லாம் சில நொடிகள்தான். குழாய் நடுவில் வளையும், வண்டியின் தரைத்தகட்டில் மோதும், முனைகளில் உள்ள யோக் (ஜாயின்டைப் பிடித்திருக்கும் கவட்டை) பிய்ந்துவிடும். பட்டறைக்கு வரும்போது குழாய் வாழைப்பழம்போல இருக்கும். அதைப் பார்த்ததுமே எந்த வேகத்தில் வந்தீர்கள் என்று கேட்கிறேன். பெரும்பாலும் பதில் வராது.

5. என் வண்டிக்கு அந்த மாறுநிலை வேகம் எவ்வளவு? எப்படித் தெரிந்துகொள்வது?

இரும்புக் குழாய்க்கு ஒரு கணக்கு இருக்கிறது. வெளிவிட்டத்தின் வர்க்கத்தையும் உள்விட்டத்தின் வர்க்கத்தையும் கூட்டி அதன் வர்க்கமூலத்தை எடுங்கள். அதை 12 கோடியால் பெருக்கி, நீளத்தின் வர்க்கத்தால் வகுங்கள். எல்லா அளவும் மில்லிமீட்டரில் இருந்தால் விடை நிமிடச் சுற்றில் வரும்.

75 மி.மீ. வெளிவிட்டம், 2 மி.மீ. தடிப்பு, இரண்டு கிராஸ் ஜாயின்டுகளுக்கு (முனைகளில் உள்ள சிலுவை வடிவ மூட்டுகள்) நடுவே 1,500 மி.மீ. நீளம் என்றால் விடை சுமார் 5,500. இது காகிதக் கணக்கு. உண்மையில் முனைகள் பாறையில் புதைத்தவை அல்ல. கியர்பாக்ஸ் மவுண்டிங் ரப்பர் அசையும், ஜாயின்டில் தேய்மானம் இருக்கும். இவை எல்லாம் அந்த எண்ணைக் கீழே இறக்கும். ஆகவே முக்கால் பங்குக்குமேல் போகக்கூடாது என்பது நாங்கள் வைத்திருக்கும் வரம்பு. 5,500இல் முக்கால் 4,125. உங்கள் 3,740 அதற்குள் அடங்குகிறது, ஆனால் இடைவெளி அதிகமில்லை.

மலையில் இழுக்கட்டும் என்று 4.1 விகிதத்தை 4.875 ஆக மாற்றியவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். அதே 110இல் ஷாஃப்ட் இப்போது சுமார் 4,450 சுற்றுகிறது. வரம்பைத் தாண்டியாயிற்று. சிறிய டயர் போட்டாலும் இதே விளைவு வரும்.

6. அப்படியானால் தடித்த குழாயாகப் போட்டுவிடுங்கள். அல்லது கெட்டி இரும்புத் தண்டே போட்டுவிடலாமே, உடையவே உடையாது!

வாரம் ஒருவராவது இதைக் கேட்கிறார். கேட்கும்போது முகத்தில் ஒரு பெருமிதம் வேறு.

மேலே உள்ள கணக்கில் கெட்டித் தண்டைப் போட்டுப் பாருங்கள். உள்விட்டம் பூஜ்யம். அதே 75 மி.மீ., அதே நீளம். விடை சுமார் 4,000. குழாயாக இருந்தபோது 5,500. கெட்டியாக்கியதும் மாறுநிலை வேகம் இறங்கிவிட்டது! காரணம் எளிது. நடுவில் நிரப்பிய இரும்பு எடையைக் கூட்டுகிறது, வளையாமல் தடுக்க அது பெரிதாக உதவுவதில்லை. வளைவைத் தடுப்பது வெளிவிளிம்பில் இருக்கும் இரும்புதான். மூங்கில் ஏன் உள்ளே வெறுமையாக இருந்தும் காற்றுக்கு நிற்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

தடித்த சுவர் முறுக்குக்கு நல்லது, வேகத்துக்கு உதவாது. வேகத்துக்கு வேண்டியது பெரிய விட்டமும் குறைந்த நீளமும். நீளம்தான் எல்லாவற்றையும்விட வலியது. பாதியாகக் குறைத்தால் மாறுநிலை வேகம் நான்கு மடங்காகும்.

7. அலுமினிய ஷாஃப்ட் எடை குறைவு. அது இன்னும் வேகம் தாங்கும், சரிதானே?

அதே அளவுக் குழாய் என்றால், இல்லை. அலுமினியத்தின் எடை இரும்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. விறைப்பும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடுவதால் மாறுநிலை வேகம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். எடையை ஏற்றாமல் விட்டத்தைப் பெரிதாக்க முடிகிறது என்பதுதான் அலுமினியத்தின் லாபம். வண்டியின் அடியில் அதற்கு இடம் இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

கார்பன் ஃபைபர் உண்மையிலேயே வேறு சாதி. இழைகள் நீளவாக்கில் ஓடும்போது அதன் எடைக்கு விறைப்பு மிக அதிகம். இரும்பில் இரண்டு துண்டாகச் செய்ய வேண்டியதை அதில் ஒரே துண்டாகச் செய்யலாம். காய்கறி வேனுக்கு அது எதற்கு என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

8. வேனின் சேசிஸை ஓர் அடி நீட்டினோம். ஷாஃப்டையும் அதே அளவு நீட்டி வெல்டிங் வைத்துவிட்டார்கள். சரிதானே?

சரியில்லை. 1,500 மி.மீ. குழாய் 1,800 ஆனால், 5,500 என்பது 3,800க்கு இறங்கிவிடும். நீங்கள் 110இல் சுற்றுவது 3,740. இரண்டும் கைகுலுக்கிக்கொள்ளும் தூரத்தில் இருக்கின்றன.

நீட்டினால் ஷாஃப்டை இரண்டு துண்டாக்கி நடுவில் சென்டர் பேரிங் போட வேண்டும். நீள லோரிகளைக் குனிந்து பாருங்கள், இரண்டு மூன்று துண்டுகளாகத்தான் இருக்கும். அந்த பேரிங்கைத் தாங்கும் ரப்பர் கிழிந்துவிட்டால், பிடிமானம் போய் இரண்டு துண்டும் ஒரே நீளத் துண்டைப்போல ஆடப் பார்க்கும். சின்ன ரப்பர்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

9. பேலன்சிங் என்று காசு வாங்குகிறீர்களே, பத்து கிராம் வித்தியாசம் என்ன செய்துவிடும்?

குழாயின் வெளிப்பரப்பில், மையத்திலிருந்து 40 மி.மீ. தள்ளி, 10 கிராம் அதிகமாக இருக்கிறது என்று கொள்ளுங்கள். 3,740 சுற்றில் அது 6 கிலோவுக்குச் சற்றுமேல் எடைபோல வெளியே இழுக்கும். ஒவ்வொரு நொடியும் 62 முறை திசை சுற்றிச் சுற்றி இழுக்கும். வேகத்தைப் பாதியாக்கினால் அதே 10 கிராம் ஒன்றரைக் கிலோ அளவுக்குத்தான் இழுக்கும். ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரியாமல், நெடுஞ்சாலையில் ரவாங் தாண்டியதும் பாதம் கூசுவதற்கு இதுதான் காரணம்.

அந்த 10 கிராம் எங்கிருந்து வருகிறது? குழாயில் ஒட்டியிருக்கும் சிறிய தகட்டை, ஏதோ துரு என்று நினைத்துத் தட்டிவிடுவார்கள். அது தொழிற்சாலையில் வைத்த எடை. ஜாக்கியைக் குழாயின்மேல் வைத்து நசுக்கியிருப்பார்கள். காய்ந்த களிமண் ஒரு பக்கம் ஒட்டியிருக்கும். இன்னொன்று எனக்குக் கோபம் வரவைப்பது: துருப்பிடிக்காமல் இருக்க வண்டியின் அடியில் கருப்புப் பூச்சு அடிக்கும்போது ஷாஃப்டின் கீழ்ப்பக்கத்தில் மட்டும் அடித்துவிடுவது. நின்ற வண்டியில் கீழ்ப்பக்கம்தானே தெரியும்!

10. அதிர்வே இல்லாத வண்டி. கிராஸ் ஜாயின்ட் மாற்றிய பிறகுதான் அதிர்கிறது. புது சாமான் மோசமா?

சாமானைக் குறை சொல்லும் முன் யோக்குகளைப் பாருங்கள். கிராஸ் ஜாயின்டுக்கு ஒரு பிறவிக்குணம் உண்டு. கோணத்தில் வளைந்து சுற்றும்போது, உள்ளே வரும் வேகம் சீராக இருந்தாலும் வெளியே போகும் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை கூடி இருமுறை குறையும். 10 டிகிரி கோணத்தில் 3,740 என்பது 3,683க்கும் 3,798க்கும் நடுவே ஊசலாடும். மறுமுனையில் உள்ள ஜாயின்ட் அதே கோணத்தில், எதிர்முறையில் ஊசலாடி இதைச் சமன்செய்ய வேண்டும். அதற்கு ஒரே குழாயின் இரண்டு முனை யோக்குகளும் ஒரே நேர்க்கோட்டில் நிற்க வேண்டும்.

ஸ்ப்ளைனை (ஷாஃப்ட் நீளவும் குறுகவும் விடும் பல்வரிசைப் பொருத்து) கழற்றி மாட்டும்போது ஒரு பல் தள்ளி மாட்டினாலே போதும், சமன்பாடு கெட்டுவிடும். பார்வைக்கு எல்லாம் சரியாகத்தான் இருக்கும். கழற்றுவதற்கு முன் இரண்டு பக்கமும் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். அரை நிமிட வேலை.

11. பிக்கப்பை இரண்டு அங்குலம் உயர்த்தினேன். அதற்கும் ஷாஃப்டுக்கும் என்ன சம்பந்தம்?

முந்தைய பதிலில் சொன்ன கோணம்தான் சம்பந்தம். உயர்த்தினால் இரண்டு முனைக் கோணமும் கூடும். கூடினாலும் பரவாயில்லை, சமமாகக் கூடவில்லை என்றால்தான் வில்லங்கம். முன்னே 6 டிகிரி, பின்னே 2 டிகிரி என்று நின்றுவிட்டால் மிச்சம் அதிர்வாக வெளியே வரும். இலைச்சுருளுக்கும் அச்சுக்கும் நடுவே ஆப்பு வைத்து டிஃபரென்ஷியலின் மூக்கைத் திருப்பிச் சரிசெய்யலாம்.

உயர்த்தும்போது ஷாஃப்டின் நீளமும் போதாமல் போகும். ஸ்ப்ளைன் பாதி வெளியே வந்து, கொஞ்சமே பிடித்துக்கொண்டு சுற்றும். கோணத்தைக் கண்டு பயந்து நேர்க்கோட்டில் பூஜ்யம் டிகிரியாக வைத்துவிடாதீர்கள். அப்போது ஜாயின்டுக்குள் இருக்கும் ஊசி பேரிங்குகள் உருளாமல் ஒரே இடத்தில் அழுந்திப் பள்ளம் விழும். ஒரு டிகிரியாவது வேண்டும்.

12. என் வேன் 80இல் அதிர்கிறது, 95இல் நின்றுவிடுகிறது, 110க்கு மேல் மறுபடி வருகிறது. பேய் பிடித்திருக்கிறதா?

இது எனக்குப் பிடித்த கேள்வி. மாறுநிலை வேகம் 5,500 என்றோம். கிராஸ் ஜாயின்ட் ஒரு சுற்றுக்கு இருமுறை உதைக்கிறது என்றும் சொன்னோம். அப்படியானால் ஷாஃப்ட் 2,750 சுற்றும்போதே உதைகள் நிமிடத்துக்கு 5,500 ஆகிவிடுகின்றன. குழாயின் இயல்பான அதிர்வோடு அவை ஒத்துப்போகின்றன. 2,750 என்பது எந்தச் சாலை வேகம்? 81 கி.மீ.

ஆக, 80இல் வருவது ஜாயின்ட் கோணத்தின் வேலை. தாண்டினால் அடங்கும். 110க்கு மேல் வருவது எடைச் சமநிலையின்மை, அது வேகம் கூடக் கூடப் பெரிதாகும். இரண்டு நோய், ஒரே வண்டி. பேலன்சிங் மட்டும் பார்த்தால் முதல் அதிர்வு போகாது. பிறகு என்னைத் திட்டுவீர்கள்.

13. என்னிடம் இருப்பது மைவி. எனக்கும் இந்த ஆபத்து உண்டா?

வளைந்து ஆடிப்போகும் ஆபத்து அநேகமாக இல்லை. உங்கள் டிரைவ் ஷாஃப்ட் டிஃபரென்ஷியலுக்குப் பின்னால் இருப்பதால் சக்கர வேகத்தில்தான் சுற்றும், 110இல் சுமார் 1,000 சுற்று. அதோடு குட்டை. கணக்கில் போட்டால் மாறுநிலை வேகம் எட்டாத தூரத்தில் இருக்கும்.

உங்களுக்கு எமன் ரப்பர் பூட்தான். அது கிழிந்தால் கிரீஸ் வெளியே போகும், மணல் உள்ளே வரும், சிவி ஜாயின்டின் (டிரைவ் ஷாஃப்ட் முனைகளில் உள்ள மூட்டு) குண்டுகள் ஓடும் பள்ளம் தேயும். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது டக் டக் என்றால் வெளிப்பக்க ஜாயின்ட். வேகம் எடுக்கும்போது மட்டும் முன்பக்கம் நடுங்கி, காலை எடுத்ததும் நின்றால் உள்பக்க ஜாயின்ட்.

14. அதிர்வு டயரிலா ஷாஃப்டிலா என்று ஓட்டும்போதே கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவு முடியும். 110இல் டயர் நொடிக்கு 15 முறைதான் சுற்றுகிறது. அந்த அதிர்வை எண்ணிவிடலாம்போல இருக்கும், ஸ்டியரிங் கையில் ஆடும். ஷாஃப்டின் 62 என்பது ரீங்காரம். இருக்கையிலும் காலடித் தகட்டிலும் கூச்சமாகத் தெரியும், கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி மங்கலாகும். அடுத்து, அதே சாலை வேகத்தை வைத்துக்கொண்டு ஒரு கியர் குறையுங்கள். இன்ஜின் சுற்று மாறியும் அதிர்வு மாறவில்லை என்றால் இன்ஜின் நிரபராதி.

15. வேகத்தில்தான் உடையும் என்கிறீர்கள். என்னுடையது பச்சை விளக்கு விழுந்ததும் உடைந்ததே?

அது வேறு சாவு. முதல் கியரில் வேகம் இல்லை, முறுக்கு விசைதான் உச்சத்தில் இருக்கும். சுமையோடு கிளட்ச்சைச் சடக்கென்று விட்டால் குழாய் பிழிந்த துணிபோல முறுக்கிக்கொள்ளும். வேகத்தில் போனது நடுவில் வளைந்திருக்கும். கிரீஸ் இல்லாமல் போனதில் ஜாயின்ட் மூடிகள் நீலம் பாய்ந்து வெந்திருக்கும், சுற்றிலும் செந்தூள் படிந்திருக்கும். 6ஆம் கேள்விக்காரர் கேட்ட தடித்த குழாய் உங்களுக்குத்தான் பொருந்தும்.

16. துணி துவைக்கும் இயந்திரம் ஒரு கட்டத்தில் குதித்து, பிறகு அமைதியாகிவிடுகிறதே. மாறுநிலை வேகத்தை ஒரே மிதியில் தாண்டிவிட்டால்?

நல்ல மூளை. மின் நிலைய டர்பைன்கள் உண்மையிலேயே அப்படித்தான் தாண்டி, அதற்குமேல் ஓடுகின்றன. அவற்றின் பேரிங்குகள் அதிர்வை உறிஞ்சும்படி அமைந்தவை, கடக்கும் நேரமும் திட்டமிட்டது. வேனில் நீங்கள் முன்னால் போகும் லோரிக்குப் பின்னால் அதே வேகத்தில் ஐந்து நிமிடம் ஊர்ந்துகொண்டிருப்பீர்கள். செய்யாதீர்கள்.

17. வண்டி ஆய்வில் தேறிவிட்டது. பிறகு எப்படி ஷாஃப்ட் உடையும்?

ஆய்வில் ஜாயின்ட் ஆட்டம், கசிவு, தளர்ந்த போல்ட் ஆகியவை தெரியும். 3,740 சுற்றில் என்ன நடக்கிறது என்பது நிற்கும் வண்டியில் தெரியாது.

18. 2021 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற வேனை வாங்கலாமா? ஷாஃப்டுக்குத் தண்ணீர் என்ன செய்யும்?

குழாய்க்கு ஒன்றும் செய்யாது, ஊசி பேரிங்குக்குச் செய்யும். கிரீஸ் நிப்பிளில் புது கிரீஸ் ஏற்றும்போது நான்கு மூடிகளிலும் பழையது பிதுங்கி வர வேண்டும். ஒன்றில் வராவிட்டாலும் அந்த ஜாயின்டை மாற்றுங்கள். நிப்பிள் இல்லாத வகை என்றால் கழற்றிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

19. உடைந்தால் வண்டி என்ன ஆகும்? வளையம் மாட்டச் சொல்கிறார்களே, தேவையா?

பின்முனை கழன்றால் குழாய் தரையில் இழுபடும், சத்தம் பயங்கரமாக இருக்கும், வண்டி மெல்ல நிற்கும். முன்முனை கழன்றால்தான் ஆபத்து. அது சாலையில் குத்தி, கோலூன்றித் தாண்டுபவரைப்போல வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கப் பார்க்கும். பந்தய வண்டிகளில் முன் ஜாயின்டுக்கு அருகே இரும்பு வளையம் போடுவது இதற்காகத்தான். இன்ஜினைப் பெரிதாக்கியவர்கள், ஜப்பானிலிருந்து வரும் ஹாஃப்கட் (பழைய காரை வெட்டி எடுத்த, இன்ஜினோடு கூடிய முன்பாதி) மாட்டியவர்கள் போட்டுக்கொள்ளலாம்.

20. நெடுஞ்சாலை நடுவே ரீங்காரம் திடீரென்று பெரிதானால் என்ன செய்வது?

காலை எடுங்கள். சடன் பிரேக் வேண்டாம். 60க்குக் கீழே இறக்கி, இடப்பக்க அவசரப் பாதையில் ஒதுங்குங்கள். சத்தம் குறைந்துவிட்டதே என்று மறுபடி ஏற்றாதீர்கள். சாலையோரத்தில் வண்டிக்கு அடியில் நுழையாதீர்கள்.

இழுவை லோரி வந்தால், பின்சக்கரங்களைத் தூக்கச் சொல்லுங்கள், அல்லது ஷாஃப்டைக் கழற்றிவிட்டு இழுக்கச் சொல்லுங்கள். பின்சக்கரம் உருண்டால் ஷாஃப்டும் சுற்றும். உடைந்த துண்டுகளைப் புதரில் எறிந்துவிட்டு வெறுங்கையோடு பட்டறைக்கு வருபவர்கள் அதிகம். எறியாதீர்கள், சாக்கில் கட்டிக் கொண்டுவாருங்கள். எப்படி உடைந்தது என்பதை 15ஆம் பதிலில் சொன்னபடி அந்தத் துண்டுகளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.